மரப்பொம்மை, குட்டி நாற்காலி: மலையில் வீட்டிலேயே செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரம்தான் பட்டறை. பன்னிரண்டு வருடமாகக் கிலுகிலுப்பை, நடைவண்டி, குட்டி மேசை நாற்காலி என்று செய்து வருகிறேன். பார்க்க வருகிறவர்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்கள், ஊருக்குப் போய் போனில் கூப்பிடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். "எந்த பாலிஷ் நல்லது" என்பதுதான் முதலில் வரும். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. மரம் காய்ந்ததா, துண்டு கழன்று வருமா, தொண்டையில் போய் அடைக்குமா என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் பாலிஷ். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

அக்கா, முதல்முதலா செய்யப் போறேன். எந்த மரத்துல ஆரம்பிக்கலாம்?

கையில் அடங்கும் பொம்மை என்றால் பேரி அல்லது பிளம்ஸ் மரக் கிளை. கவாத்து செய்யும்போது அடுப்புக்குப் போகும் கிளைகளை வாங்கி வையுங்கள். பேரி மரத்தின் ரேகை மிக நெருக்கமானது. கத்தி எந்தப் பக்கம் போனாலும் நார் பிய்த்துக்கொண்டு வராது, வாசனையும் இருக்காது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பழைய காப்பிச் செடியைப் பிடுங்கும்போது கிடைக்கும் கட்டையும் அருமையானது. வெளிர் நிறம், நல்ல கெட்டி. ஆனால் பருமன் குறைவு என்பதால் கிலுகிலுப்பை, கரண்டி, சின்னச் சக்கரம் வரைதான் வரும்.

நாற்காலி, மேசைக்கு சில்வர் ஓக் போதும். காப்பித் தோட்ட நிழலுக்கு வளர்த்த மரம், எடை குறைவு. நடுத்தண்டை நோக்கி அறுத்த பலகை கிடைத்தால் மீன் செதில் மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். குழந்தைகள் அதை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: இதன் தூளும் பாலும் சிலருக்கு உடம்பில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டையும் மூக்குக்கு முகமூடியும் வேண்டும். கீழ்ப்பழனி மலையில் இருப்பவர்களுக்குப் பலா இன்னும் நல்லது. மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகப் பழுப்பாக மாறும்.

பைன் மலிவு, ஆனால் கணு உள்ள இடத்தில் பிசின் கசிந்துகொண்டே இருக்கும். கணுவைத் தவிர்த்து வெட்டத் தெரிந்தால் எடுங்கள். யூக்கலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம்.

காட்டுல சும்மா விழுந்து கிடக்குதே, அதை எடுத்துக்கலாமா?

கூடாது. இந்த மலையில் பெரிய ஒரு பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். விழுந்த மரமும் காட்டுக்குச் சொந்தம்தான். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் 1955ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதனால் முழு மரத்தை வெட்டும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். பொம்மைக்குத் தேவை ஒரு கை நீளக் கட்டை. கவாத்துக் கிளையும், வத்தலக்குண்டு மர டிப்போவில் மிஞ்சும் துண்டுகளுமே எனக்கு வருடம் முழுக்கப் போதுமானதாக இருக்கின்றன.

பச்சையா இருக்கும்போது செதுக்க ஈஸியா இருக்கே, அப்பவே செஞ்சா என்ன?

கரண்டி செதுக்கலாம். மூடி, அடைப்பு, மூட்டு உள்ள எதையும் செய்யக்கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு ஒரு பேரி மரக் கிலுகிலுப்பை செய்தேன். உள்ளே குடைந்து, ஏழெட்டுப் புளியங்கொட்டை போட்டு, அடியில் மர மூடியைப் பசை வைத்து அடைத்திருந்தேன். மரம் நாலே மாதம் காய்ந்தது. சித்திரையில் மதுரையில் ஒரு பெயர்சூட்டு விழாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அந்த வெயிலில் மூடி சுருங்கித் தளர்ந்துவிட்டது. படுக்கையில் குழந்தையின் பக்கத்தில் புளியங்கொட்டை சிதறிக் கிடந்ததை அந்த வீட்டுப் பாட்டி பார்த்து எடுத்திருக்கிறார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். அதற்குப் பிறகு விதை போட்ட கிலுகிலுப்பையே செய்வதில்லை. கைப்பிடியையும் அதில் ஓடும் வளையங்களையும் ஒரே கட்டையிலிருந்து கடைந்து எடுக்கிறேன். திறக்க மூடியும் இல்லை, சிதற விதையும் இல்லை.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது ஆசாரிகள் சொல்லும் கணக்கு. கிளையை முழுசாகக் காயவைக்காமல் நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து வையுங்கள், வெடிப்பு பாதியாகக் குறையும். வெட்டுமுனைகளில் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அங்கேதான் முதல் வெடிப்பு விழும். கூரைக்குக் கீழே, காற்று ஓடும் இடத்தில் அடுக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று விறகு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தவர்கள் எல்லாம் பிளந்த கட்டையோடுதான் வந்தார்கள்.

காய்ஞ்சிருச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மீட்டர் வாங்கணுமா?

சமையலறைத் தராசு போதும். கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வரும், பிறகு நிற்கும். மூன்று வாரம் ஒரே எடை என்றால், அது இருக்கும் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

"அது இருக்கும் காற்றோடு" என்பதுதான் இங்கே சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கி நிற்கும்போது எத்தனை மாதம் வைத்தாலும் மரத்தில் ஏறக்குறைய 17, 18 சதவீதம் ஈரம் நிற்கும். கீழே சமவெளி வெயிலில் அதே மரம் 10 சதவீதத்தை நெருங்கும். அதனால் மூட்டு வேலையை எல்லாம் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் செதுக்குவது, உப்புத்தாள் போடுவது மட்டும்.

தொடவே கூடாத மரம் எது?

அரளி, எட்டி, ஊமத்தை வகைகள், பால் வடியும் கள்ளி. அரளிக் குச்சியை விளையாட்டுக்குக்கூடச் செதுக்காதீர்கள். இந்த மலையில் வீட்டு வேலியில் தொங்கும் பெரிய எக்காளப் பூச்செடியும் ஊமத்தைக்குச் சொந்தம்தான். பெயர் தெரியாத மரம் என்றால் அது விறகுக்கு.

உண்ணிச்செடி பற்றியும் கேட்கிறார்கள். அதன் இலையும் காயும் விஷம் என்பது சரி. வேகவைத்துப் பட்டை உரித்த உண்ணிக்குச்சியில் நாற்காலி பின்னலாம். நீலகிரியில் கூடலூர் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் அதில் முழு உருவ யானைகளையே செய்கிறார்கள். உட்காரவும் சாயவும் சரி. வாயில் வைக்கும் பொம்மைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

பழைய பெட்டி மரம், பேலட் மரம் சும்மா கிடைக்குது. பிரிச்சு செய்யலாமா?

பேலட் என்பது சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டு. அயல்நாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்று இருந்தால் மரத்தின் உள்பகுதியை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பூச்சி நீக்கியது. எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். முத்திரை இல்லாவிட்டாலும் வேண்டாம். ஹெச்.டி. முத்திரையே இருந்தாலும் அந்த மரத்தின் மேல் என்ன கொட்டியது என்று நமக்குத் தெரியாது. எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். பேலட்டில் செடித்தொட்டி செய்யலாம். ஒரு வயதுக் குழந்தை கடிக்கும் வளையம் வேண்டாம்.

மெஷின் எல்லாம் வேணுமா?

வேண்டாம். நல்ல பல் உள்ள ரம்பம், இழைப்புளி, முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி, அரை வட்ட அரம், மூலைமட்டம், ஒரு டிரில், இரண்டு கிளாம்பு. முதல் வருடம் இவ்வளவுதான் வைத்திருந்தேன். உருண்டையான சாமானுக்குக் கடைசல் பட்டறையில் கூலி கொடுத்துக் கடைந்து வாங்கலாம்.

உப்புத்தாள் எத்தனாம் நம்பர் வரைக்கும் போகணும்?

80, 120, 180, 240. எண்ணைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 80இல் விழுந்த கீறலை 240 எடுக்காது, அதற்கு மேலே பளபளப்பை மட்டும் பூசிவிடும்.

180 முடிந்ததும் ஈரத்துணியால் பொம்மையை நன்றாகத் துடைத்துவிட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் தடவிப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். படுத்துக் கிடந்த நார் ஈரம் பட்டு எழுந்து நிற்கிறது. அதை 240ஆல் மெதுவாக நீவி எடுங்கள். இந்த வேலையை நாம் செய்யாவிட்டால் குழந்தையின் எச்சில் செய்யும், அப்போது அந்த நார் உதட்டில் குத்தும். ஒரு பழைய நைலான் புடவைத் துண்டை மேலே இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. ஓரங்கள் எல்லாம் குறைந்தது 3 மி.மீ. வளைவாவது இருக்க வேண்டும். அப்புறம், உப்புத்தாள் போடும் இடத்தில் குழந்தை இருக்கக்கூடாது. நைஸான மரத்தூள் எந்த மரமானாலும் நுரையீரலுக்கு ஆகாது.

பாலிஷே போடாம வெறும் மரமா விட்டா என்ன கெட்டுப்போகும்?

ஒன்றும் கெட்டுப்போகாது. பல் முளைக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் பேரி வளையத்தை நான் வெறும் மரமாகத்தான் கொடுக்கிறேன். அழுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். லேசாக உப்புத்தாள் போட்டால் புதிதாகிவிடும். சமவெளியில் இது போதும். மலையில் ஈரம் ஏறி இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்த ஓர் எண்ணெய்ப்பூச்சு நல்லது. அதுவும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது, வேகத்தைத்தான் குறைக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? வீட்டுலயே இருக்கே.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வேண்டாம் என்கிறேன். எண்ணெயில் இரண்டு வகை: காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும் எண்ணெய், எப்போதும் எண்ணெயாகவே இருக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இரண்டாம் வகை. மரத்துக்குள் அப்படியே இருந்து நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும், தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் எத்தனை நாள் அதற்கு மேல் போகிறது? மரத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும். நல்லெண்ணெய் பாதி இறுகிப் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

இறுகும் எண்ணெயில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். சமையலுக்கு விற்கும் செக்கு எண்ணெயே எடுங்கள். வைட்டமின் ஈ சேர்த்தது என்று பாட்டிலில் போட்டிருந்தால் வேண்டாம், அது இறுகுவதைத் தடுக்கும்.

ஹார்டுவேர் கடையில லின்சீட் ஆயில்னு மலிவா விக்கிறாங்களே?

லின்சீட் என்பதும் ஆளிவிதைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் "காய்ச்சிய" லின்சீட்தான் இருக்கும். பெயரில் காய்ச்சியது என்று இருந்தாலும், சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் கலந்தது. கதவுக்கு நல்லது, பொம்மைக்கு வேண்டாம். சமையல் ஆளிவிதை எண்ணெய் இங்கத்தைய குளிரில் இறுக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். காத்திருங்கள்.

எண்ணெய் மெழுகு நீங்க எப்படிக் காய்ச்சுறீங்க?

எடைக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு ஆளிவிதை எண்ணெய். மார்கழி, தையில் ஐந்து பங்கு எண்ணெய், இல்லாவிட்டால் டப்பாவில் கல்லாக உறைந்துவிடும். தேன்மெழுகு இந்த மலையில் தேன் எடுக்கும் பளியர் குடும்பங்களிடமிருந்து வருகிறது. அடையாக வரும் மெழுகைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கித் துணியில் வடிகட்டினால், ஆறியதும் மேலே மஞ்சள் தட்டாக மிதக்கும், அழுக்கு அடியில் நிற்கும். அந்தத் தட்டை எண்ணெயோடு ஒரு பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வையுங்கள். மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். நேரடித் தீயில் வைக்கவே கூடாது.

முதலில் வெறும் எண்ணெய் ஒரு கை. இருபது நிமிடம் விட்டு, துளி மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். கனமாகத் தடவினால் அதிகம் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கனமாக நிற்பது இறுகாமல் பிசினாகத்தான் ஆகும். ஒரு வாரம் கழித்து இன்னொரு கை. அது இறுகி எண்ணெய் வாடை போன பிறகு மெழுகுக் கலவையைத் தேய்த்து மெருகேற்றுங்கள்.

இப்போது மிக முக்கியமானது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். குளிருக்கு அடுப்படியில் எல்லாவற்றையும் போட்டு வைப்பது நம் வழக்கம், அதனால் இங்கே ஆபத்து கூடுதல். துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கொட்டை அலர்ஜி இருக்குற குழந்தைக்கு?

கடலை, வாதுமை, வால்நட், டங் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆளிவிதைக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. பரிசாகக் கொடுக்கும்போது என்ன தடவினேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். சந்தேகம் என்றால் வெறும் மரம்.

ஷெல்லாக் பூச்சி அரக்குதானே, அது பாதுகாப்பா? எனக்கு வெள்ளை வெள்ளையா பூத்துப்போச்சு.

ஷெல்லாக்கைத்தான் நாம் அவலரக்கு என்கிறோம். அது மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுவதுதான், காய்ந்த பிறகு பாதுகாப்பானது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு, ஓர் இரவு ஊறினால் கரைந்துவிடும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு. கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். பூசும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை முழுக்கப் போகும்வரை ஒரு வாரம் விடுங்கள்.

வெள்ளையாகப் பூத்தது மூடுபனி வேலை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. வெயில் அடிக்கும் ஒரு மத்தியானம் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுங்கள், போய்விடும். நான் மழைக்காலத்தில் அரக்கைத் திறப்பதே இல்லை. எச்சிலில் ஊறிக்கொண்டே இருக்கும் வளையத்துக்கும் அரக்கு ஏற்றதல்ல. வண்டி, கட்டை, நாற்காலிக்குப் பூசுங்கள்.

கலர் வேணும்னு குழந்தை கேக்குது. மஞ்சள், பீட்ரூட், குங்குமம் போடலாமா?

மஞ்சள் நல்லது. ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிப் பூசி, மேலே தெளிந்த அரக்கு. வெயில் படும் ஜன்னலில் வைத்தால் சில மாதத்தில் வெளுக்கும், மறுபடி பூசிக்கொள்ளலாம். கடையில் உதிரியாக விற்கும் பளபள மஞ்சள் தூள் வேண்டாம். நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்படம் நடக்கிற பொருள் அது. தெரிந்த விவசாயியிடம் வாங்கிய விரலி மஞ்சளை வீட்டில் இடியுங்கள். பீட்ரூட் அன்றைக்கு அழகாக இருக்கும், பிறகு அழுக்குப் பழுப்பாகிவிடும். குங்குமம் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும்.

நிற்கும் நிறம் வேண்டும் என்றால் கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மை முறைதான். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அதன் மேல் தாழை ஓலையைப் பிடித்து மெருகேற்றுவார்கள். அவர்கள் எடுப்பது நம் வெப்பாலை மரம். அம்பாசமுத்திரம் மரச்செப்பும் இப்படி அரக்கு ஏற்றியதுதான். கடைசல் இல்லாமல் வீட்டில் இது வராது.

கடையில வாங்குற பெயிண்ட்ல ஈயம் இருக்குமா?

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் பெயிண்ட் இந்த விதிக்குள் வராது. பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவையும் திறக்காதீர்கள். எந்தப் பெயிண்டானாலும் ஒரு மாதம் இறுகவிட்டுத்தான் குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

பெவிகால் விஷமா? ஆணி அடிச்சா உறுதியா இருக்குமே?

வெள்ளைப் பசை காய்ந்த பிறகு பயமில்லை. குளிர்தான் அதற்கு எதிரி. 10 டிகிரிக்குக் கீழே ஒட்டினால் தெளிவான படலமாகாமல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியாகக் காயும். பார்க்க ஒட்டியது போலிருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் பிரியும். மத்தியானம் ஒட்டுங்கள், பசைப் புட்டியைக் கொஞ்சநேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், ஒரு நாள் முழுக்க கிளாம்பில் விடுங்கள்.

ஆணி வேண்டாம். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது ஆணி அப்படியே நிற்கும். இரண்டு மழைக்காலத்தில் தலையை நீட்டிவிடும். நன்கு காய்ந்த மூங்கிலைச் சீவி முளையாக அடியுங்கள், கூடவே பசை. நாற்காலிக்கு உள்ளே அமிழ்த்திய திருகு போடலாம்.

எவ்வளவு சின்னதா இருந்தா தொண்டையில மாட்டும்?

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு குழாய் அளவு இருக்கிறது: 31.7 மி.மீ. குறுக்களவு, சாய்ந்த அடி, அதிகபட்ச ஆழம் 57 மி.மீ. பொம்மையோ அதன் துண்டோ அதற்குள் முழுசாக அடங்கினால் கொடுக்கக்கூடாது. வீட்டில் இதைச் செய்ய ஒரு வழி: அலமாரிக் கீலுக்குத் துளை போடும் 35 மி.மீ. பிட் எந்த ஆசாரியிடமும் இருக்கும். 19 மி.மீ. பலகை மூன்றை ஒட்டினால் 57 மி.மீ. அதில் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிய துளை, அதனால் தவறினாலும் பாதுகாப்பின் பக்கம்தான் தவறும். உருண்டைப் பந்துக்கு இது போதாது, 44.5 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும்.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. சக்கரம், கண், வால் என்று ஒட்டிய ஒவ்வொன்றும் ஏழு கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். ஏழு கிலோவுக்குத் தண்ணீர் நிரப்பிய வாளியை அந்தச் சக்கரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவேன். கழன்றால் என் பட்டறையில் கழலட்டும். மேலே சொன்ன கிலுகிலுப்பையை நான் இப்படிச் சோதிக்கவில்லை. ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தையின் பொம்மையில் கயிறு ஒரு சாணுக்கு, அதாவது 22 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

நடைவண்டி எங்க வீட்டுல சறுக்கிட்டு ஓடுது. என்ன பண்ண?

மலை வீடுகளில் வாசலுக்கு வாசல் படி, தரையும் சரிவு. சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டுங்கள், பிடி கிடைக்கும். அச்சில் சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகவே சுழலட்டும். அடிச்சட்டம் கைப்பிடியைவிட முன்னால் நீண்டு இருந்தால் குப்புறக் கவிழாது. குழந்தை தானாகப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். படி இருக்கும் பக்கம் ஒரு தடுப்பு போடாமல் நடைவண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

குட்டி நாற்காலி, மேசைக்கு உயரம் சொல்லுங்க.

கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், அதுதான் கணக்கு. பள்ளி இருக்கைகளுக்கான ஐரோப்பிய அளவில், 93 முதல் 116 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு இருக்கை 26 செ.மீ., மேசை 46 செ.மீ. அதற்கடுத்து 121 செ.மீ. வரை 31, 53. நம் பிள்ளைகளுக்கும் இது சரியாகவே இருக்கிறது. "வளர்ந்தாலும் ஆகும்" என்று உயரமாகச் செய்துவிட்டு இன்று காலைத் தொங்கவிட வேண்டாம். தேவையென்றால் கால் கட்டையை நீளமாக வைத்து, இப்போது அறுத்துக் குட்டையாக்காமல், இருக்கையை இரண்டு உயரத்தில் மாட்டும்படி துளை போடலாம்.

மேசைப் பலகையை நாலு பக்கமும் பசை வைத்துப் பூட்டாதீர்கள். பலகை அகலவாட்டில் உப்பிச் சுருங்கும். சட்டத்தில் நீள்துளை போட்டுத் திருகினால் நகர இடமிருக்கும். கீழே ஊருக்குக் கொண்டுபோகும் மேசைகள் பிளப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஏறி விளையாடுற ஏணி முக்கோணம் செய்ய ஆசை. கம்பிக்கு எவ்வளவு இடைவெளி?

ஹங்கேரிக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் பெயரால் சொல்லப்படும் முக்கோணத்தைத்தான் கேட்கிறார்கள். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளி ஆபத்து. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கம்புகளுக்கு நடுவே 8 செ.மீ. வைத்தால் கால் பதியும், தலை நுழையாது. கம்பு பச்சை மரமாக இருந்தால் காய்ந்து துளையில் சுற்றத் தொடங்கும், மேலே சொன்ன தராசு வேலையை இதற்குக் கட்டாயம் செய்யுங்கள். விரித்து நிற்கும் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ள வேண்டும். தொட்டில் கம்பி வேறு கணக்கு, அங்கே 6 செ.மீ.க்கு மேல் கூடாது.

பொம்மை அலமாரி இடுப்பளவுதான் என்றாலும் சுவரில் எல் கிளாம்பு போட்டு இறுக்குங்கள். குழந்தை அதை ஏணி என்றுதான் நினைக்கும்.

மழை மாசத்துல பொம்மை பூஞ்சை பூத்துடுது.

பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைப்பதை நிறுத்துங்கள். கூடையில் காற்றோட்டமாக வையுங்கள். பூத்ததை, பாதித் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டு, மெழுகு ஒரு கை. தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

பொம்மையிலிருந்து மாவு மாதிரி கொட்டுது. மருந்து அடிக்கலாமா?

உளுத்துவிட்டது. பொம்மைக்குப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. வண்டு பட்டைக்கு அடுத்த வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த பகுதியைப் பெரும்பாலும் தொடாது. அதனால் வெட்டும்போதே வெள்ளையை முடிந்தவரை நீக்குங்கள். பூச்சு போடாத சின்னப் பொம்மை என்றால், பேலட் கேள்வியில் சொன்ன சூட்டுக் கணக்கேதான். ஓவனில் 60, 65 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் உள்வரை சூடேறிவிடும். மெழுகு போட்டதை வைத்தால் உருகி வழியும்.

நல்லா வருது அக்கா, விக்க ஆரம்பிக்கலாமா?

வீட்டுக்கும் உறவுக்கும் கொடுக்க ஒரு அனுமதியும் வேண்டாம். விற்பது வேறு. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவை முதலில் போடுங்கள். விலக்கு முத்திரைக்குத்தான். வாளிச் சோதனையும் துளைச் சோதனையும் விற்கும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

எங்க பாட்டியோட மரப்பாச்சி இருக்கு. பேத்தி கடிக்கிறா, கொடுக்கலாமா?

பூச்சு எதுவும் இல்லாத பழைய செஞ்சந்தன மரப்பாச்சி என்றால், வெடிப்பும் சிராயும் இல்லையா என்று நைலான் துணியால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செஞ்சந்தனம் லேசாகச் சிவப்பு விடும். திட்டாகப் பெயின்ட் உரிந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். பின்னாளில் யாரோ பூசிய அந்தப் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டு எடுக்கவும் கூடாது, தூளாகப் பறந்து வீடெல்லாம் படியும். அந்த மரப்பாச்சியைக் கொலுப்படிக்கு ஏற்றிவிட்டு, பேத்திக்குப் பேரி மரத்தில் புதிதாக ஒன்று செதுக்கிக் கொடுங்கள்.